செயின் என்றால் என்ன? இங்கிலாந்தில் வீடு வாங்குவது ஏன் இப்படி இழுக்கிறது?

வீட்டுக்கு நாங்கள் சொன்ன விலையை, அதாவது எங்கள் ஆஃபரை, விற்பவர் ஏற்றுக்கொண்டது ஒரு ஆடி மாதத்தில். ஊருக்குப் போன் போட்டுச் சொன்னதும் அம்மா அன்றைக்கே காலண்டரை எடுத்து, ஆவணியில் பால் காய்ச்ச ஒரு நல்ல நாளைக் குறித்துவிட்டார். நாங்கள் சாவி வாங்கியது தை பிறந்து ஒரு வாரம் கழித்து. மார்கழியில் குடிபோக வேண்டி வந்துவிடுமோ என்று நடுவில் அம்மா கவலைப்பட்டார். அந்தக் கவலைக்கு இடமே இல்லாமல் மார்கழி தானாகப் போய்விட்டது.

அந்த ஆறு மாதத்தில் எங்களை யாரும் ஏமாற்றவில்லை. விற்றவர் மனம் மாறவில்லை, வங்கி கடனை மறுக்கவில்லை. ஆனாலும் எதுவும் நகரவில்லை. இங்கே முதல் வீடு வாங்குகிறவர்களுக்குப் புரியாத இடம் இதுதான். பணம் இருக்கிறது, வீடு இருக்கிறது, இரண்டு பக்கமும் சம்மதம். அப்புறம் என்ன?

அப்புறம்தான் செயின்: ஒன்றை நம்பி ஒன்று நிற்கும் வீட்டு விற்பனைகளின் சங்கிலி.

ஒரு சின்ன செயினை எடுத்துக்கொள்வோம். வாடகைக்கு இருக்கும் ஒரு இளம் தம்பதி, லண்டன் வெம்ப்ளியில் இரண்டு படுக்கையறை ஃபிளாட் ஒன்றை வாங்கப் போகிறார்கள். அந்த ஃபிளாட்டில் இருக்கும் குடும்பத்துக்கு இரண்டாவது குழந்தை பிறந்துவிட்டது, இடம் போதவில்லை. அவர்கள் ஹாரோவில் ஒரு வீட்டுக்குப் போகிறார்கள். ஹாரோ வீட்டுப் பாட்டிக்கு மாடிப்படி ஏற முடியவில்லை. மகள் இருக்கும் ஊரில் ஒரு பங்களா பார்த்து வைத்திருக்கிறார். (இங்கே பங்களா என்றால் ஜமீன்தார் பங்களா இல்லை, மாடி இல்லாத சின்ன வீடு.) அந்த பங்களாவில் இருந்தவர் இறந்துவிட்டார், பிள்ளைகள் விற்கிறார்கள்.

மூன்று வீடு, நான்கு குடும்பம். அடியில் இருக்கும் தம்பதிக்கு விற்க எதுவும் இல்லை. உச்சியில் இருக்கும் பிள்ளைகளுக்கு வாங்க எதுவும் இல்லை. நடுவில் இருக்கிற இரண்டு பேரும் ஒரே நாளில் விற்கவும் வேண்டும், வாங்கவும் வேண்டும். ஃபிளாட் விற்ற காசு கைக்கு வந்தால்தான் ஹாரோ வீட்டை வாங்க முடியும். ஹாரோ வீடு கிடைத்தால்தான் ஃபிளாட்டைக் காலி செய்ய முடியும். பங்களாவின் காகிதம் ஒன்று எங்கோ தேங்கி நின்றால், அந்த பங்களாவைப் பற்றிக் கேள்விப்பட்டே இராத வெம்ப்ளித் தம்பதியும் காத்திருக்க வேண்டியதுதான். தேர் நின்றுவிட்டால் வடம் பிடிப்பவர்களைத் திட்டிப் பயனில்லை. எந்தச் சக்கரத்தில் முட்டுக்கட்டை கிடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

ஒப்புக்கொண்டது ஒப்பந்தம் ஆகாது

ஊரில் வீடு பேசி முடித்தால் அட்வான்ஸ் கொடுத்து, பத்திரத்தாளில் அக்ரிமென்ட் எழுதிவிடுவோம். அதற்குப் பிறகு பின்வாங்கினால் வம்பு. அதே நினைப்பில் இங்கே ஆஃபர் ஏற்றுக்கொள்ளப்பட்டதும் வீடு நமக்குத்தான் என்று நம்பிவிடுகிறோம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அப்படி இல்லை. நிலம், வீடு விற்கும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், கையெழுத்து ஆகியிருக்க வேண்டும் என்று 1989ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. இரண்டு தரப்புச் சொலிசிட்டர்களும் (வீட்டுக் காகித வேலை பார்க்கும் வக்கீல்கள்) கையெழுத்தான ஒப்பந்தங்களைப் பரிமாறிக்கொள்ளும் கட்டத்துக்கு எக்ஸ்சேஞ்ச் என்று பெயர். அதுவரை யார் வேண்டுமானாலும் விலகலாம், மற்றவருக்கு ஒரு பென்னிகூடத் தர வேண்டியதில்லை.

விற்பவர் நடுவில் வேறொருவரிடம் கூடுதல் விலைக்குச் சம்மதிப்பதை கஸம்ப்பிங் என்பார்கள். வாங்குபவர் எக்ஸ்சேஞ்சுக்கு முந்தைய நாள் வந்து விலையைக் குறைக்கச் சொன்னால் அது கஸண்டரிங். இரண்டுமே அசிங்கம், இரண்டுமே சட்டப்படி குற்றமில்லை. ஸ்காட்லாந்தில் வழி வேறு. அங்கே சொலிசிட்டர்கள் வழியாகவே ஆஃபர் போய், அவர்களுக்குள் எழுதிக்கொள்ளும் கடிதங்களே ஒப்பந்தமாகிவிடும். அங்கே இருக்கும் நண்பர் சொல்லும் அனுபவத்தை லண்டனுக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள்.

ஆக, கட்டம் மூன்று: ஆஃபர், எக்ஸ்சேஞ்ச், கம்ப்ளீஷன். கம்ப்ளீஷன் அன்றுதான் பணமும் சாவியும் கைமாறும். எக்ஸ்சேஞ்சுக்கும் கம்ப்ளீஷனுக்கும் நடுவில் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரம் இருக்கும். இழுத்தடிப்பெல்லாம் முதல் இரண்டு கட்டங்களுக்கு நடுவில்தான்.

எங்கே தேங்குகிறது?

என் அனுபவத்தில் முதலில் தேங்கியது என்னிடம்தான், அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன். வீட்டுக்கான முன்பணம் எங்கிருந்து வந்தது என்று சொலிசிட்டர் கேட்டார். கேட்பது அவர் விருப்பம் இல்லை, கறுப்புப் பணத் தடுப்புச் சட்டப்படி அவர் கடமை. என் சேமிப்பில் ஒரு பகுதி, அப்பா அனுப்பியது ஒரு பகுதி, சீட்டு எடுத்த காசு ஒரு பகுதி. சேமிப்புக்கு வங்கிக் கணக்கைக் காட்டினேன், முடிந்தது. அப்பா பணத்துக்கு, அது பரிசு, திருப்பிக் கேட்க மாட்டேன், வீட்டில் பங்கும் கேட்க மாட்டேன் என்று அவர் கையெழுத்திட்ட கடிதம், அவர் பாஸ்போர்ட் நகல், அவர் கணக்கில் அந்தப் பணம் எப்படி வந்தது என்பதற்கு நிலம் விற்ற பத்திரம். பத்திரம் தமிழில் இருந்தது, மொழிபெயர்த்துத் தர வேண்டியிருந்தது. சீட்டுக்குத்தான் திண்டாடிப் போனேன். மாதாமாதம் ஒரு அண்ணன் கணக்குக்குக் காசு போயிருக்கிறது, திடீரென்று ஒரு நாள் மொத்தமாகத் திரும்பி வந்திருக்கிறது. நமக்கு அது சீட்டு. பார்ப்பவருக்கு விளங்காத நடமாட்டம். கடைசியில் சீட்டு என்றால் என்ன என்று ஒரு பக்கத்துக்குக் கட்டுரையே எழுதிக் கொடுத்தேன். மூன்று வாரம் போனது.

வீடு பார்க்கத் தொடங்குவதற்கு முன்பே இந்தக் காகிதங்களைச் சேர்த்துவிடுங்கள். சீட்டுக் காசு இருந்தால் முடிந்த மட்டும் முன்னாலேயே எடுத்து உங்கள் கணக்கில் போட்டு வையுங்கள். இந்தியாவிலிருந்து பெற்றோர் அனுப்புவதாக இருந்தால், ரிசர்வ் வங்கியின் விதிப்படி ஒருவர் ஒரு நிதியாண்டில் இரண்டரை லட்சம் டாலர் வரைதான் அனுப்பலாம். நிதியாண்டு மார்ச்சில் முடிகிறது என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஃபிளாட். லீஸ்ஹோல்ட் ஃபிளாட் (நிலம் வேறொருவருடையது, நமக்கு நீண்ட காலக் குத்தகை மட்டும்) செயினில் இருந்தாலே வேகம் குறையும். பராமரிப்புக் கட்டணம் பாக்கி உண்டா, கட்டடத்தில் பெரிய செலவு ஏதும் வரப்போகிறதா என்ற கேள்விகளுக்கெல்லாம் கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் நிறுவனம்தான் பதில் தர வேண்டும். அதற்குக் கட்டணமும் வாங்குவார்கள், பதிலை அவர்கள் வசதிப்படித்தான் தருவார்கள். கட்டடம் 11 மீட்டர் உயரமோ ஐந்து மாடியோ, அதற்கு மேலோ இருந்தால், 2022ஆம் ஆண்டுக் கட்டடப் பாதுகாப்புச் சட்டப்படி கூடுதல் சான்றிதழ்களும் சேர்ந்துகொள்ளும். ஃபிளாட் விற்பவர் என்றால், வாங்க ஆள் வரும்வரை காத்திருக்காமல் விளம்பரம் போட்ட அன்றே அந்தத் தகவல் கட்டுக்கு விண்ணப்பித்துவிடலாம். பலர் செய்வதில்லை.

சர்ச் என்று ஒன்று உண்டு, தேவாலயம் இல்லை, வீட்டைப் பற்றிய விசாரணை. ஊரில் வில்லங்கம் போட்டுப் பார்ப்பது போல என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் கேள்விகள் வேறு: வீட்டின் மேல் கவுன்சிலின் (உள்ளாட்சியின்) உத்தரவு ஏதும் இருக்கிறதா, பக்கத்தில் சாலை வரப்போகிறதா, கழிவுநீர்க் குழாய் எங்கே போகிறது. சில கவுன்சில்கள் சில நாளில் தருகின்றன, சில வாரக்கணக்கில் இழுக்கின்றன. இதில் நாம் செய்யக்கூடியது சீக்கிரம் பணம் கட்டிக் கேட்கச் சொல்வது மட்டும்தான்.

இறந்தவர் வீடு செயினில் இருந்தால், விற்கும் அதிகாரம் தரும் புரோபேட் வந்துவிட்டதா என்று முதல் நாளே கேளுங்கள். அது வராமல் பேச்சு நடக்கலாம், விற்பனையை முடிக்க முடியாது.

இன்னொன்று, பழைய வேலைக்குக் காகிதம் இல்லாதது. மேல்தளத்தில் அறை கட்டியிருப்பார்கள், கட்டட விதிப்படி முடிந்ததற்கான சான்று இருக்காது. இதற்குச் சில நூறு பவுண்டுக்குள் ஒரு காப்பீடு எடுத்துச் சமாளிப்பது வழக்கம். ஆர்வக்கோளாறில் நீங்களே கவுன்சிலுக்குப் போன் செய்து கேட்டுவிடாதீர்கள். கவுன்சில் காதுக்கு விஷயம் போய்விட்டால் அந்தக் காப்பீடு கிடைக்காமல் போகும். சொலிசிட்டரைக் கேட்காமல் எதுவும் செய்ய வேண்டாம்.

இவை எல்லாவற்றையும்விட மோசமானது, விற்பவர் தனக்கு இன்னும் வீடு தேடிக்கொண்டிருப்பது. மற்ற தாமதங்களுக்கு ஒரு முடிவு உண்டு. இதற்கு இல்லை. எங்கள் செயினில் செப்டம்பர் முழுக்க இப்படித்தான் போனது. "பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்" என்று ஏஜென்ட் சொல்வார். எத்தனை வீடு பார்த்தார்கள், ஆஃபர் ஏதாவது போட்டார்களா என்று திருப்பிக் கேட்கக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு மாதம் ஆனது.

இந்தத் தகவல்களையெல்லாம் விற்பவர் முன்கூட்டியே திரட்டித் தர வேண்டும் என்று 2007இல் ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள், 2010இல் நிறுத்திவிட்டார்கள். 2025 அக்டோபரில் அதே நோக்கத்தோடு அரசு மறுபடி யோசனைகளை வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. வந்தால் நல்லதுதான், அதை நம்பி வீடு வாங்குவதைத் தள்ளிப்போட மாட்டேன்.

யாரிடம் என்ன கேட்பது

உங்கள் சொலிசிட்டருக்கு அடுத்த வீட்டுச் சொலிசிட்டரோடுதான் பேச்சு. அதற்கு மேலே என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியாது. எனக்கு இது தெரியாமல், எங்கள் செயினின் உச்சியில் என்னாயிற்று என்று வாரம் இரண்டு முறை அவரைக் குடைந்துகொண்டிருந்தேன். ஏஜென்ட் விற்பவருக்காக வேலை செய்பவர்தான், ஆனால் வீடு கைமாறினால்தான் அவருக்குக் கமிஷன். அதனால் செயின் முழுக்கப் போன் போட்டு விசாரிக்க அவருக்குக் காரணம் இருக்கிறது. சட்டச் சந்தேகத்துக்குச் சொலிசிட்டர், சேதிக்கு ஏஜென்ட்.

"எப்போது முடியும்?" என்று கேட்டால் "சீக்கிரம்" என்றுதான் பதில் வரும். செயினில் மொத்தம் எத்தனை வீடு, உச்சி முடிந்துவிட்டதா, ஒவ்வொருவருக்கும் மோர்ட்கேஜ் ஆஃபர் (வீட்டுக் கடன் தருவதாக வங்கி தரும் கடிதம்) வந்துவிட்டதா, யாருடைய சர்ச் இன்னும் வரவில்லை, எந்தக் கேள்விக்கு யார் பதில் பாக்கி என்று கேளுங்கள். வாரம் ஒரு முறை, ஒரே நாளில், மரியாதையாக. கோபப்பட்டால் நம் ஃபைல் அடியில் போய்விடும்.

இதற்கிடையில் நம் பக்கத்தில் சில தேதிகள் ஓடிக்கொண்டிருக்கும். மோர்ட்கேஜ் ஆஃபர் பொதுவாக மூன்று முதல் ஆறு மாதம்வரைதான் செல்லும். முடியப் போகிறது என்றால் ஒரு மாதம் முன்பே நீட்டிப்புக் கேளுங்கள். முடிந்த பிறகு கேட்டால் புதிய வட்டி, புதிய விசாரணை. சர்ச் முடிவுகள் ஆறு மாதத்துக்கு மேல் பழையதானால் பல வங்கிகள் ஏற்காது. நாங்கள் இரண்டு தேதியையும் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருந்தோம்.

பள்ளிக்காக வீடு மாறுகிறவர்கள் நம்மில் அதிகம். இங்கிலாந்தில் செகண்டரி விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் அக்டோபர் 31, பிரைமரிக்கு ஜனவரி 15. புது முகவரியைக் காட்ட வேண்டுமானால் எக்ஸ்சேஞ்ச் ஆனதற்கான கடிதமாவது வேண்டும் என்று கேட்கும் கவுன்சில்கள் உண்டு. ஆஃபர் ஏற்றுக்கொண்ட மின்னஞ்சலைக் காட்டினால் வேலைக்காகாது.

ஸ்டாம்ப் டியூட்டியும் தேதியைப் பொறுத்தது. 2025 மார்ச் 31வரை முதல் வீடு வாங்குபவருக்கு 4,25,000 பவுண்ட்வரை வரி இல்லை. ஏப்ரல் 1 முதல் அந்த வரம்பு 3,00,000 ஆனது. 4,25,000 பவுண்ட் வீட்டை மார்ச் 31 அன்று முடித்தவர் ஒன்றும் கட்டவில்லை, மறுநாள் முடித்தவர் 6,250 பவுண்ட் கட்டினார். அந்த மார்ச்சில் செயினின் உச்சியில் ஒரு வாரம் தேங்கியதற்கு அடியில் இருந்தவர் கொடுத்த விலை அது.

வாடகை வீட்டுக்கு நோட்டீஸ் எப்போது கொடுப்பது? எக்ஸ்சேஞ்ச் ஆன பிறகு. ஒரு நாள்கூட முன்னால் வேண்டாம். ஒரு மாத வாடகை இரட்டையாகப் போனாலும் போகட்டும், பெட்டி படுக்கையோடு நண்பர் வீட்டு ஹாலில் கிடப்பதற்கு அது மேல். சோபாவுக்கு ஆர்டர், பழைய வீட்டு இன்டர்நெட்டை நிறுத்துவது, ஊரிலிருந்து அப்பா அம்மாவுக்கு டிக்கெட், எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். அம்மாவுக்கு ஆவணியில் டிக்கெட் போடாமல் இருந்தது நான் செய்த ஒரே புத்திசாலித்தனம்.

செயினை நடுவில் உடைக்கவும் வழி இருக்கிறது. விற்பவர் வீட்டைக் கொடுத்துவிட்டு, புது வீடு அமையும்வரை வாடகைக்கோ மகள் வீட்டுக்கோ போகலாம். அடியில் இருக்கும், முதல் வீடு வாங்கும் நீங்கள் இதைக் கேட்கலாம். விற்க எதுவும் இல்லாத உங்களை இழக்க மேலே யாருக்கும் மனம் வராது. நடுவில் இருப்பவர்கள் குறுகிய காலக் கடன் எடுத்து முதலில் வாங்கிவிட்டுப் பிறகு பழையதை விற்பதும் உண்டு. அதன் வட்டி அதிகம். இரண்டு வீடு கையில் இருப்பதால் ஸ்டாம்ப் டியூட்டி கூடுதலாக 5 சதவீதம். பழைய வீட்டை மூன்று வருடத்துக்குள் விற்றால் அந்தக் கூடுதலைத் திரும்பக் கேட்கலாம், ஆனால் முதலில் கையில் காசு வேண்டுமே. என்னைக் கேட்டால், எவ்வளவு நாள் பொறுப்பது என்று வீட்டில் பேசி ஒரு தேதி வைத்துக்கொண்டு, அதை ஏஜென்ட்டிடம் நிதானமாகச் சொல்லிவிடுவது நல்லது. ஆனால் அந்தத் தேதி வந்தால் விலகும் மனசு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்து நீங்கள் சொல்வதை யாரும் நம்ப மாட்டார்கள்.

எக்ஸ்சேஞ்ச் அன்று நடப்பது

எல்லாக் காகிதமும் வந்த பிறகு, நான்கு குடும்பத்துக்கும் ஒத்துவரும் தேதி ஒன்றை முடிவு செய்வதற்கே ஒரு வாரம் ஆகும். அப்புறம் எக்ஸ்சேஞ்ச். ஏதோ ஒரு மேசையில் எல்லோரும் உட்கார்ந்து கையெழுத்துப் போடுவார்கள் என்று நான் நினைத்திருந்தேன். எல்லாம் போனில்தான். அடியில் இருக்கும் தம்பதியின் சொலிசிட்டர் மேலே இருப்பவரைக் கூப்பிட்டு, "இன்று மாலை 4 மணிவரை என் ஒப்பந்தத்தை உங்களிடம் விட்டிருக்கிறேன்" என்பார். அவர் தனக்கு மேலே இருப்பவரிடம் அதையே சொல்வார். இப்படி உச்சிவரை போகும். உச்சியில் எக்ஸ்சேஞ்ச் ஆனதும் அதே வழியில் ஒவ்வொரு வீடாகக் கீழே இறங்கி வரும். இதற்கு ஃபார்முலா சி என்று பெயர். 4 மணிக்குள் இறங்கி வராவிட்டால் மறுநாள் முதலிலிருந்து. எங்களுக்கு இரண்டு நாள் அப்படி ஆனது. ஒரு நாள் நடுவில் ஒரு சொலிசிட்டர் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டார்.

எக்ஸ்சேஞ்ச் ஆன நொடியிலிருந்து சட்டம் கட்டுப்படுத்தும். வழக்கமாக விலையில் 10 சதவீதம் டெபாசிட். வழக்கமான ஒப்பந்தப்படி வீட்டின் பொறுப்பும் அன்றே வாங்குபவர் தலைக்கு வந்துவிடும், அதனால் கட்டடக் காப்பீடு அன்றிலிருந்தே இருக்க வேண்டும், சாவி வராவிட்டாலும். கம்ப்ளீஷன் அன்று யாராவது தவறினால் நாள் கணக்கில் வட்டி. 10 வேலை நாள் கெடு கொடுத்து நோட்டீஸ் விடலாம். அதற்குப் பிறகும் வாங்குபவர் முடிக்காவிட்டால் டெபாசிட் போய்விடும்.

கம்ப்ளீஷன் அன்று பணம் அடியிலிருந்து மேலே ஏறும். ஒவ்வொரு சொலிசிட்டரும் வந்ததைப் பார்த்து, அடுத்தவருக்கு அனுப்ப வேண்டும். ஒப்பந்தத்தில் பெரும்பாலும் மதியம் 2 மணி என்று இருக்கும். செயின் நீளமாக இருந்தால் உச்சிக்குப் போய்ச் சேர நேரமாகும். 2014 அக்டோபர் 20 அன்று இங்கிலாந்து வங்கியின் பணப் பரிமாற்ற அமைப்பே மணிக்கணக்கில் நின்று, நாடு முழுக்க வீடு மாறுகிறவர்கள் தவித்தார்கள். நல்லவேளை, அது திங்கட்கிழமை. எல்லோரும் வெள்ளிக்கிழமையைத்தான் கேட்பார்கள். அன்று ஏதாவது சறுக்கினால் அடுத்து திங்கள்தான், நடுவில் இரண்டு நாள் சாமான் வேனில். செவ்வாய், புதன் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். செவ்வாய்க்கிழமை குடிபோகலாமா என்று ஊரிலிருந்து கேட்பார்கள், அதற்கு என்னிடம் பதில் இல்லை.

எங்களுக்குக் கிடைத்தது வெள்ளிதான். வேன் தெருமுனையில் நிற்க, ஏஜென்ட் போன் செய்தபோது மணி மூன்றே முக்கால், இருட்டத் தொடங்கியிருந்தது. மருந்து, பாஸ்போர்ட், சார்ஜர், குழந்தையின் இரவு உடை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று முன்பே பலர் சொல்லியிருந்தார்கள், வைத்திருந்தோம். பால் காய்ச்சும் பாத்திரத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அது வேனில் முதலில் ஏற்றிய பெட்டியில், எல்லாவற்றுக்கும் பின்னால் இருந்தது. உப்பையும் மஞ்சளையும் அடுப்படியில் வைத்துவிட்டு, அன்று ராத்திரி கடையில் வாங்கிய சிப்ஸ்தான் சாப்பிட்டோம்.